காமைஷி: இரும்பும் அலையும்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் வடகிழக்குக் கரையில், பசிபிக் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள சிறு நகரம் காமைஷி. இது இவாத்தே மாகாணத்தைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 32,000 பேர். இந்திய அளவில் இஃது ஒரு சிற்றூருக்குரிய எண்ணிக்கையே. ஆயினும் ஜப்பானின் இரும்புத் தொழில் வரலாற்றை எழுதுவோரும், கடற்கோள்களின் வரலாற்றை எழுதுவோரும் இந்நகரின் பெயரைக் குறிக்காமல் மேலே செல்ல இயலாது.

காமைஷி அமைந்துள்ள கடற்கரைக்குச் சன்ரிக்கு என்று பெயர். கிதகாமி மலைத்தொடர் இங்கே கடலின் விளிம்பு வரை வந்து நிற்கிறது. ஒரு கையின் விரல்களைக் கடலை நோக்கி விரித்து வைத்தாற்போல மலைக்கிளைகள் நீருக்குள் நீள்கின்றன. விரல்களின் இடைவெளிகளில் கடல் உள்ளே புகுந்து வளைகுடாக்களாகக் கிடக்கிறது. முற்காலத்தில் இவை ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளாக இருந்தன. பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது அப்பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. இத்தகைய கரையைப் புவியியலார் 'ரியா' கடற்கரை என்பர். மலையும் காடும் போக எஞ்சிய சமநிலம் மிகக் குறைவு. கஷ்ஷி ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பரப்பிலேயே நகரின் வீடுகளும் கடைகளும் தொழிற்சாலையும் நெருங்கி அமைந்தன.

இந்த அமைப்பால் பெற்ற நன்மைகள் பல. வளைகுடாக்கள் ஆழமானவை, காற்று மறைவு உடையவை, கப்பல் தங்க ஏற்றவை. கரைக்கு அப்பால் வடக்கிலிருந்து வரும் ஒயாஷியோ என்னும் குளிர்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் குரோஷியோ என்னும் வெப்பநீரோட்டமும் சந்திக்கின்றன. இரண்டும் கலக்கும் இடத்தில் மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர்கள் பெருகுவதால், உலகின் சிறந்த மீன்பிடி பரப்புகளுள் ஒன்றாக அக்கடல் விளங்குகிறது. வளைகுடாவின் அமைதியான நீரில் சிப்பி இனங்களையும் 'வகாமே' என்னும் கடற்பாசியையும் பயிரிடுகின்றனர்.

தீமையும் அதே அமைப்பிலிருந்தே பிறக்கிறது. கரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஜப்பான் அகழி என்னும் கடலடிப் பள்ளம் உள்ளது. அங்கே பசிபிக் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும் தட்டு மேலுள்ள தட்டையும் தன்னோடு கீழே இழுக்கிறது. பல்லாண்டு காலம் இழுபட்ட மேல்தட்டு ஒருநாள் விடுபட்டு நிமிரும்போது நிலம் நடுங்குகிறது. கடலின் அடித்தரை உயர்ந்து, அதன்மேல் நிற்கும் நீர் முழுவதையும் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் சிறிதே. அகன்ற வாயினுள் நுழைந்து, உள்ளே செல்லச் செல்ல ஒடுங்கும் வளைகுடாவில் நெருக்குண்டு, ஆழம் குறையக் குறைய மேலெழுந்து, முனையில் உள்ள ஊரை அடையும்போதுதான் அது மலைபோல் நிற்கிறது.

'சுனாமி' என்னும் சொல்லே இதை உணர்த்தும். 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. கடலில் இருந்த மீனவர் உணராத ஓர் அலை, தம் துறைமுகத்தை அழித்திருப்பதை அவர்கள் கரைக்குத் திரும்பிக் கண்டமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளுக்குப் பின்னர், தமிழகக் கடற்கரையிலும் இச்சொல்லை அறியாதவர் இல்லை. தமிழில் அதை ஆழிப்பேரலை என்கிறோம்.

காமைஷிக்குப் புகழ் தந்தது மலை. நகரின் மேற்கே உள்ள மலைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது கிடைத்தது. ஜப்பானியர் நெடுங்காலமாக ஆற்றுமணலிலும் கடல்மணலிலும் கலந்துள்ள இரும்பு மணலைக் களிமண் உலைகளில் உருக்கியே வாளும் கலப்பையும் செய்துவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டுப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கரைகளில் தோன்றியபோது, பீரங்கி வார்க்க வேண்டிய தேவை எழுந்தது. இரும்பு மணலிலிருந்து பெற்ற இரும்பு அதற்கு உகந்ததாக இல்லை. அப்பகுதியை ஆண்ட நம்பு குலத்தைச் சேர்ந்த ஒஷிமா தகாத்தோ என்னும் அறிஞர், ஊதுலையில் தாதுக்கல்லை உருக்குவதே வழி எனத் தெளிந்தார். அவர் ஊதுலை எதையும் நேரில் கண்டவர் அல்லர். டச்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு பீரங்கி வார்ப்பு நூலே அவருக்கு ஆசான். அந்நூலைப் பயின்று, காமைஷியின் ஒஹாஷி மலைப்பகுதியில் கல்லாலான உலையை எழுப்பினார். பழைய ஜப்பானிய நாள்காட்டியின்படி 1857ஆம் ஆண்டின் 12ஆம் மாதம் முதல் நாள் (இன்றைய நாள்காட்டியில் 1858 சனவரி) அவ்வுலையிலிருந்து இரும்பு பெறப்பட்டது. அதன் நினைவாகத் திசம்பர் முதல் நாளை ஜப்பானியர் இரும்பு நாளாகக் கருதுகின்றனர்.

அடுத்த ஆண்டில் அருகிலுள்ள ஹஷினோவிலும் உலை எழுந்தது. தாது மலையிலேயே கிடைத்தது. கரிக்குக் காடு இருந்தது. உலைக்குக் காற்றூதும் துருத்தியை ஓடையின் நீர்ச்சக்கரம் இயக்கியது. அங்கே மூன்று உலைகளின் கல்லடித்தளங்கள் இன்றும் காட்டின் நடுவே நிற்கின்றன. ஜப்பானில் எஞ்சியுள்ள மேலைமுறை ஊதுலைகளுள் இவையே மிகப் பழையவை. 2015ஆம் ஆண்டில் இவ்விடம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

ஒஷிமாவின் சிறிய உலைகள் வென்ற இடத்தில் அரசின் பெரிய ஆலை தோற்றது என்பது சுவையான செய்தி. மெய்ஜி அரசு இங்கிலாந்திலிருந்து பேருலைகளையும் பொறிகளையும் வரவழைத்து 1880ஆம் ஆண்டில் காமைஷியில் இரும்பாலையைத் தொடங்கியது. தாது கொண்டுவர இருப்புப்பாதையும் இடப்பட்டது. அது ஜப்பானின் மூன்றாவது இருப்புப்பாதை. ஆனால் பேருலையின் பசிக்குக் காட்டின் கரி போதவில்லை. கரிக்கு மாற்றாகக் கல்கரியை இட்டபோது உலை அடைத்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே அரசு ஆலையைக் கைவிட்டது. கைவிடப்பட்ட ஆலையை வாங்கிய வணிகர் தனாகா சோபெய், சிறிய உலைகளைக் கட்டி முயன்றார். 48 முறை உலை ஏமாற்றியது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், 49ஆம் முயற்சியில், இரும்பு ஓடியது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் காமைஷியில் உலையின் புகையே ஊரின் அடையாளமாயிற்று.

அவ்வெற்றிக்குப் பத்தாண்டுகள் நிறைவதற்குள் கடல் எழுந்தது. 1896ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் சிறுவர் திருநாள். வீடுகள்தோறும் உறவினர் கூடி விருந்துண்டனர். மாலையில் நிலம் மெல்ல அசைந்தது. அசைவு நெடுநேரம் நீடித்தாலும் வலிமை குறைவாக இருந்தமையால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அரைமணி நேரத்தில் இருளினூடே அலை வந்தது. சன்ரிக்குக் கரையில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். அந்நாளைய காமைஷி ஊரில் வாழ்ந்தோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். 1933ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் விடியுமுன் மீண்டும் ஓர் அலை வந்தது. இம்முறை நிலநடுக்கம் கடுமையாக இருந்தது; முன்னைய துயரை நினைவில் கொண்ட முதியோரும் இருந்தனர். பலர் மேட்டுக்கு ஓடினர். எனினும் கரையெங்கும் சுமார் 3,000 பேர் உயிரிழந்தனர்.

ஒவ்வோர் அலைக்குப் பின்னரும் மக்கள் கரையோரங்களில் நினைவுக்கற்கள் நட்டனர். நிலம் நடுங்கினால் அலையை எதிர்பார்க்க வேண்டும், உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பன போன்ற அறிவுரைகளை அவற்றில் பொறித்தனர். சில ஊர்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் கடலை நம்பி வாழ்பவர்க்குப் படகையும் வலையையும் விட்டு விலகி மலையில் குடியிருப்பது எளிதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு குடும்பம் கீழே இறங்கும். பின்னர் மற்றொன்று இறங்கும். புதிதாக வந்தோர் கீழேயே வீடு கட்டுவர். காமைஷியின் தெற்கே தோனி ஹொங்கோ என்னும் மீனவர் குடியிருப்பு இதற்கு நல்ல சான்று. 1896ஆம் ஆண்டில் ஏறக்குறைய முற்றாக அழிந்த அவ்வூர், 1933க்குப் பின் மலைச்சரிவில் மேடை அமைத்துக் குடியேறியது. 2011ஆம் ஆண்டில் அம்மேடை வீடுகள் பெரும்பாலும் தப்பின. இடைக்காலத்தில் கீழே எழுந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன.

இரும்பு இருந்தமையால் போரும் காமைஷியைத் தேடி வந்தது. 1945ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து ஆலையின்மீது குண்டு பொழிந்தன. அப்போரில் ஜப்பானின் முதன்மைத் தீவுகள் கப்பல் பீரங்கிகளால் தாக்கப்பட்டது அதுவே முதன்முறை. நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்த ஆகஸ்டு 9ஆம் நாளன்று காமைஷி மறுமுறையும் தாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

போருக்குப் பின் ஆலை மீண்டெழுந்தது. ஜப்பான் நாடெங்கும் பாலங்களும் கப்பல்களும் கட்டப்பட்ட காலம் அது. 1963ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 92,000 ஆக உயர்ந்தது. ஆலைத் தொழிலாளரின் ரக்பி அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழாண்டுகள் நாட்டின் வாகையர் பட்டம் வென்றது. 'வடபுலத்து இரும்பு மனிதர்' என்று அவ்வணியினர் அழைக்கப்பட்டனர். இந்த வெற்றிகள் கிட்டிய ஆண்டுகளிலேயே ஆலை தேயத் தொடங்கியிருந்தது என்பதை ஊரார் அறிவர். அயல்நாட்டுத் தாதுவைக் கொண்டு பெருந்துறைமுகங்களில் எழுந்த புதிய ஆலைகளோடு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்த பழைய ஆலை போட்டியிட இயலவில்லை. 1989ஆம் ஆண்டில் கடைசி ஊதுலை அணைந்தது. வெளியிலிருந்து வரும் எஃகைக் கம்பியாக்கும் பிரிவு மட்டும் தொடர்ந்தது. இளைஞர் வேலை தேடி வெளியூர் சென்றனர். நகரில் முதியோரின் விகிதம் உயர்ந்தது.

அந்நாள்களில்தான் காமைஷி வளைகுடாவின் வாயில் ஒரு பெருஞ்சுவர் எழுந்துகொண்டிருந்தது. 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி 2009ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 63 மீட்டர் ஆழத்தில் கற்குவியல் மேடை அமைத்து, அதன்மேல் பெரும் கற்காரைப் பெட்டிகளை வரிசையாக இறக்கிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் அது. உலகிலேயே மிக ஆழத்தில் அமைந்த அலைதடுப்புச் சுவர் என்று கின்னஸ் பதிவேட்டில் அது இடம்பெற்றது. இனி அச்சமில்லை என்னும் எண்ணம் நகரில் பரவியதில் வியப்பில்லை.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு 9.0 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. மூன்று நிமிடங்களில் வந்த முதல் எச்சரிக்கை, இவாத்தே கரைக்கு 3 மீட்டர் உயர அலை வரக்கூடும் என்றது. சுவர் நிற்கும்போது 3 மீட்டர் என்ன செய்யும் என்று இருந்துவிட்டோர் உண்டு. பின்னர் அந்த அளவு 6 மீட்டராகவும், 10 மீட்டருக்கு மேலாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் மின்சாரம் நின்றுபோயிருந்ததால் புதிய செய்தி பலரை எட்டவே இல்லை. அலை சுவரை உடைத்து உட்புகுந்தது. உடைந்தாலும் சுவர் வீண்போகவில்லை. அலையின் உயரத்தைக் குறைத்து, அது நகருக்குள் புகுவதைச் சுமார் ஆறு நிமிடம் தாமதப்படுத்தியது என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. அந்த ஆறு நிமிடத்தில் ஓடியவர்க்கு அது பெரும் உதவி. சுவரை நம்பி ஓடாமல் இருந்தவர்க்கு அதனால் பயனில்லை.

நகரின் வடக்கே வேறொரு வளைகுடாவின் முனையில் உள்ளது உனோசுமாய் என்னும் பகுதி. காமைஷி கிழக்கு நடுநிலைப் பள்ளியும் உனோசுமாய்த் தொடக்கப் பள்ளியும் அங்கே அருகருகே இருந்தன. அலை எட்டக்கூடிய இடங்களைக் காட்டும் நகராட்சி வரைபடத்தில் இவ்விரு பள்ளிகளும் அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தன. அன்று நடுக்கம் ஓய்ந்ததும், ஒலிபெருக்கி அறிவிப்புக்குக் காத்திராமல் நடுநிலைப் பள்ளி மாணவர் ஓடத் தொடங்கினர். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருந்தனர். மூத்த மாணவர் ஓடுவதைக் கண்டதும் சிறுவர்களும் கீழிறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டனர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பற்றிக்கொண்டனர். முன்பே குறித்துவைத்திருந்த புகலிடத்தை அடைந்தபோது, அதன் பின்னுள்ள சரிவு இடிந்து விழுந்துகொண்டிருந்தது. எனவே இன்னும் மேலே உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றனர். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது அலை ஊரைத் தின்றுகொண்டு வந்தது. மீண்டும் மேலே ஓடினர். அவர்கள் விட்டுவந்த பள்ளிக் கட்டடங்களும் முதலில் நின்ற புகலிடமும் நீரில் மூழ்கின. ஏறத்தாழ 570 பிள்ளைகள் பிழைத்தனர்.

நகரின் நடுப்பகுதியில் உள்ள காமைஷித் தொடக்கப் பள்ளி அன்று முன்னதாகவே முடிந்துவிட்டது. 184 பிள்ளைகளும் வீட்டிலும் தெருவிலும் கடலோரத்திலும் சிதறியிருந்தனர். உடன் ஆசிரியர் எவரும் இல்லை. அவர்கள் அனைவருமே பிழைத்தனர் என்பது பலர் அறியாத செய்தி. பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்ற பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

இதற்குப் பின்னணியில் சில ஆண்டுக் கல்வி இருந்தது. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கதாதா தொஷிதகா காமைஷிப் பள்ளிகளின் ஆசிரியர்களோடு சேர்ந்து, கணக்கு, புவியியல் முதலிய பாடங்களோடு அலையைப் பற்றிய அறிவையும் இணைத்துக் கற்பித்தார். அவர் கூறிய நெறிகள் மூன்று. வரைபடத்தை நம்பாதே, அது சென்றமுறை வந்த அலையைத்தான் காட்டும். அந்நேரத்தில் இயன்றவரை முயல். ஓடுவோரில் முதல்வனாக இரு. ஒருவர் ஓடினால்தான் மற்றவரும் ஓடுவர். தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தது மூன்றாம் நெறிக்கு எடுத்துக்காட்டு.

சன்ரிக்குக் கரையில் 'தெந்தென்கோ' என்றொரு வட்டாரச் சொல் உண்டு. அவரவர் தனித்தனியே என்பது அதன் பொருள். அலை வரும்போது தாயும் பிள்ளையும் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் ஓட வேண்டும் என்பது அச்சொல் குறிக்கும் வழக்கம். கேட்டவுடன் இரக்கமற்றதாகத் தோன்றும் இந்த வழக்கத்தின் உள்ளே இருப்பது நம்பிக்கை. பிள்ளையைத் தேடி வீட்டுக்கு ஓடிய தாயும், தாய்க்காகக் காத்திருந்த பிள்ளையும் சேர்ந்தே மாண்ட துயரங்கள் முன்னைய அலைகளில் நேர்ந்தன. பிள்ளை கட்டாயம் ஓடியிருக்கும் என்று தாய் உறுதியாக அறிந்தால்தான் அவளும் மலையை நோக்கித் திரும்ப முடியும். ஆகவே, தாம் ஓடிவிடுவோம் என்பதை வீட்டில் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி நம்பவைக்குமாறு மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

நகரின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 3,000 பேரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்ததை நாளிதழ்கள் 'காமைஷியின் அற்புதம்' என்று எழுதின. ஆனால் அன்று பள்ளிப் பொறுப்பில் இல்லாத ஐந்து மாணவர் உயிரிழந்தனர். நகரில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தாம் கற்றதையே செய்ததாகவும், அற்புதம் எதுவும் நிகழவில்லை என்றும் மாணவர்களே கூறினர். பின்னர் நகராட்சியும் அச்சொல்லைக் கைவிட்டு, 'காமைஷியின் நிகழ்வு' என்று மட்டும் குறிப்பிடலாயிற்று.

அற்புதம் என்ற சொல் பொருந்தாமைக்கு வேறொரு காரணமும் அதே உனோசுமாயில் உள்ளது. அங்கே 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பேரிடர்க் காப்பு மையம் என்னும் இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. அலை வரும்போது ஓடிச் சேரவேண்டிய இடம் அதுவன்று. பேரிடருக்குப் பின் வீடிழந்தோர் தங்குவதற்கான இடம். உண்மையான புகலிடம் மேட்டில் இருந்தது. ஆனால் முதியோர்க்கு மேடேறுவது கடினமாக இருந்தமையால், ஒத்திகை நாள்களில் இந்த மையத்திலேயே கூடுவது வழக்கமாயிற்று. 2011 மார்ச் 3ஆம் நாள் நடந்த ஒத்திகையிலும் மக்கள் அங்கேதான் கூடினர். எட்டு நாள் கழித்து மெய்யாகவே நிலம் நடுங்கியபோது, பழகிய கால்கள் அங்கேயே சென்றன. நீர் இரண்டாம் மாடியின் கூரையை எட்டியது. அக்கட்டடத்தில் 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பெயரில் காப்பு என்று இருந்தது, ஒத்திகையும் நடந்தது, ஆனால் இடம் தவறாக இருந்தது.

மையம் இருந்த இடத்தில் இன்று நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. அங்கு அலை எட்டிய உயரம் குறிக்கப்பட்டுள்ளது. மாண்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே உள்ள காட்சியகத்தில் மாணவர் ஓடிய வரலாறும் மைய நிகழ்வும் ஒரே கூரையின்கீழ் கூறப்படுகின்றன. ஒன்றை மட்டும் கூறி மற்றதை மறைக்காமல் இருப்பது இந்நகரின் நேர்மைக்குச் சான்று.

உடைந்த அலைதடுப்புச் சுவர் மீண்டும் கட்டப்பட்டு 2018ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. உனோசுமாயின் இரு பள்ளிகளுக்கும் குன்றைச் செதுக்கி மேட்டில் புதிய கட்டடங்கள் எழுந்தன. பழைய பள்ளிகள் நின்ற தாழ்நிலத்தில் ஒரு ரக்பி அரங்கம் அமைந்தது. 2019ஆம் ஆண்டு உலகக் கோப்பை ரக்பிப் போட்டிகளை நடத்த ஜப்பான் தேர்ந்த பன்னிரண்டு இடங்களுள் மிகச் சிறிய நகரம் காமைஷியே. இருவேறு ஆட்டங்கள் அங்கே நடப்பதாக இருந்தது. செப்டம்பர் 25ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்தில் உருகுவே அணி 30-27 என்னும் புள்ளிக்கணக்கில் பிஜி அணியை வென்றது. அக்டோபர் 13ஆம் நாள் நமீபியாவும் கனடாவும் மோத வேண்டிய இரண்டாம் ஆட்டத்தின்போது ஹகிபிஸ் புயல் கடந்து சென்றதால், மக்களின் பாதுகாப்பு கருதி ஆட்டம் கைவிடப்பட்டது. ஆடவந்த கனடா வீரர்கள் அன்று மண்வாரிகளை ஏந்தி, காமைஷித் தெருக்களில் படிந்திருந்த சேற்றை ஊராரோடு சேர்ந்து அள்ளினர்.